கிராம்பு வாசமும் ஆஸ்பத்திரி வாசமும்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் உட்கார்ந்து இதைப் படிப்பவர்கள் தயவுசெய்து வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம். 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இன்னும் அமலில்தான் இருக்கிறது. உரிமம் இல்லாமல் பீர் தயாரிப்பது அங்கே குற்றம். நான் இருப்பது மெல்போர்னில். ஆஸ்திரேலியாவில் விற்காமல், சொந்த உபயோகத்துக்கு மட்டும் வீட்டில் பீர் காய்ச்சினால் கலால் வரியும் கிடையாது, கேள்வியும் கிடையாது. (விஸ்கி, சாராயம் என்று வடித்தெடுக்கும் வேலையில் இறங்கினால் இங்கேயும் குற்றம்தான். அந்த ஆசை வேண்டாம்.)

பி.காம் படிக்கிற பையனுக்கு பீர் வாளியில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. காய்ச்சுவது நான் இல்லை, எங்கள் வீட்டு அண்ணன். மதுரைக்காரர், இங்கே முதுநிலைப் படிப்பு, ராத்திரியில் பெட்ரோல் பங்க் வேலை. நான் கணக்கு எழுதுகிறவன். எத்தனை லிட்டர், எத்தனை டிகிரி, எந்தத் தேதி, என்ன செலவு என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். அதனால் அவர் எனக்கு வைத்த பெயர் 'கணக்குப்பிள்ளை'.

அவர் காய்ச்சுவது கோதுமை பீர். ஜெர்மனியின் பவேரியா பக்கத்துச் சரக்கு, வைஸ்பியர் என்பார்கள். முளைகட்டிய கோதுமை பாதிக்கு மேல், மீதி முளைகட்டிய பார்லி, கொஞ்சூண்டு ஹாப்ஸ், பிறகு அதற்கென்றே இருக்கும் ஒரு ஈஸ்ட். கலங்கலாக, நீராகாரம் மாதிரி இருக்கும். நல்லபடியாக அமைந்தால் அதில் இரண்டு வாசனை வரும். ஒன்று வாழைப்பழம், இன்னொன்று கிராம்பு. அதில் வாழைப்பழமும் போடுவதில்லை, கிராம்பும் போடுவதில்லை. இரண்டையும் ஈஸ்ட்டே தயாரிக்கிறது. வேறு எந்த பீரையும் விட இது நம்ம ஊர் மூக்குக்குச் சீக்கிரம் பிடிபடும் என்பது என் அபிப்பிராயம். கிராம்பைப் பிரியாணியிலும் பல் வலியிலும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம்.

ஆனால் அண்ணனின் முதல் மூன்று வாளியிலும் வந்தது ஆஸ்பத்திரி வாசம்.

சும்மா சொல்லவில்லை. கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப்போடும் அறைக்குள் நுழைந்தால் ஒரு வாடை அடிக்குமே, அதேதான். பிளாஸ்திரியும் டெட்டாலும் கலந்த மாதிரி. வீட்டுக்கு வந்தவர்கள் "நல்லா இருக்குண்ணே" என்று சொல்லிவிட்டு சமையலறைத் தொட்டியில் ஊற்றியதை நானே இரண்டு முறை பார்த்தேன். ஒரு வாளி என்றால் 23 லிட்டர், 750 மில்லி பாட்டிலில் முப்பது. மூன்று வாளிக்குத் தொண்ணூறு பாட்டில். ராத்திரி ஷிப்ட் காசு. நவம்பரில் படிப்பு முடிந்து அவர் ஊருக்குக் கிளம்புகிறார், அதற்கு முன்னால் வீட்டிலிருக்கும் எல்லோருக்கும் ஒரு நல்ல வாளி காய்ச்சித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். மூன்றாவதும் போனதும், "தம்பி, இன்னும் ஒண்ணு. அதுவும் இப்படின்னா வாளியத் தூக்கி ரோட்டோரம் வச்சிருவேன்" என்றார்.

இங்கேதான் நம்ம படிப்பு உதவிக்கு வந்தது (சிரிக்காதீர்கள்). காஸ்டிங் படித்தவர்களுக்குத் தெரியும், பிராசஸ் காஸ்டிங் என்று ஒரு பாடம். அதில் இழப்பை இரண்டாகப் பிரிப்பார்கள். வேலையின் இயல்பிலேயே வருவது நார்மல் லாஸ். எண்ணெய் காய்ச்சினால் கொஞ்சம் ஆவியாகும், அதற்கு யாரும் பொறுப்பில்லை, அதை அடக்கவிலையிலேயே சேர்த்துவிடுவோம். வரக்கூடாதது வந்தால் அப்நார்மல் லாஸ். அதைத் தனியாக எடுத்து, காரணம் தேடி, தனிக் கணக்கில் எழுத வேண்டும். பீரில் வரும் வாசனைகளையும் இப்படித்தான் பிரிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. கோதுமை பீரில் சிக்கல் என்னவென்றால், மற்ற பீரில் அப்நார்மல் என்று ஒதுக்குவதெல்லாம் இதில் நார்மல். சாதாரண லாகர் பீரில் கிராம்பு வாசனை வந்தால் காட்டு ஈஸ்ட் புகுந்துவிட்டது என்று மொத்தத்தையும் கொட்டுவார்கள். இதில் அது வராவிட்டால்தான் குறை.

இதைவிட மோசம் ஒன்று இருக்கிறது. கிராம்பு வாசமும் ஆஸ்பத்திரி வாசமும் ஒரே குடும்பம். இரண்டுமே ஃபீனால் வகை. தானியத்தின் செல் சுவரில் ஃபெருலிக் அமிலம் என்று ஒன்று இருக்கிறது. கோதுமை பீர் ஈஸ்ட் அதிலிருந்து கரியமில வாயுவைக் கழற்றிவிட்டு 4-வினைல் குவையகால் என்ற பொருளாக மாற்றும். அதுதான் கிராம்பு. (நிஜக் கிராம்பில் இருப்பது யூஜினால். வேறு பொருள், ஆனால் சொந்தக்காரன்.) ஃபீனால் இருக்கிற இடத்தில் குளோரின் சேர்ந்தால் குளோரோஃபீனால். அதுதான் ஆஸ்பத்திரி. நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். அண்ணன் முதல் இரண்டு வாளியிலும் "இது கிராம்புடா, கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்று சமாதானம் சொன்னதற்கு இதுதான் காரணம். ஒரு நெருங்கிய சொந்தத்தை இன்னொன்று என்று நினைத்துவிட்டார், அவ்வளவுதான்.

சரி, குளோரின் எங்கிருந்து வந்தது? சந்தேக லிஸ்டில் மூன்று பேர். ஒன்று, குழாய்த் தண்ணீர். எந்த நகரத்திலும் கிருமி சாக அதில் குளோரின் போடுவார்கள். அண்ணன் கெட்டியான மால்ட் சாற்றை டப்பாவில் வாங்கி, கொஞ்சம் தண்ணீரில் கொதிக்க வைத்து, மீதிக்குக் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றி 23 லிட்டர் ஆக்குவார். கொதித்த தண்ணீரில் குளோரின் பறந்துவிடும், மேலே ஊற்றியதில் பறக்காது. இரண்டு, வாளி கழுவ அவர் பயன்படுத்திய ப்ளீச். சுத்தம் என்றால் அவருக்கு ப்ளீச்தான். மூன்று, குளோரினே இல்லை, காட்டு ஈஸ்ட் புகுந்து தன் இஷ்டத்துக்கு ஃபீனால் தயாரிக்கிறது.

மூன்றாவதை முதலில் கழித்துவிடலாம் என்றேன். வேண்டாத கிருமி புகுந்தால் கதை பாட்டிலுக்குள்ளும் தொடரும். நாளாக ஆக வாடை கூடும், கேஸ் ஏறும், மூடியைத் திறந்தால் பீய்ச்சியடிக்கும், ஹைட்ரோமீட்டரில் (பால்மானி மாதிரிதான், மிதக்க விட்டு அளவு பார்க்க வேண்டும்) அளவு இன்னும் கீழே இறங்கியிருக்கும். எங்கள் நோட்டில் பாட்டிலில் அடைத்த அன்று 1.012 என்று இருந்தது. இரண்டு மாதம் கழித்து ஒரு பாட்டிலைத் திறந்து கேஸ் போன பிறகு அளந்தால், போட்ட சர்க்கரையும் கரைந்து முடிந்து, அதே 1.012. பீய்ச்சவும் இல்லை, வாடை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. முதல் நாள் எப்படியோ அப்படியே. ஆக, உயிருள்ள எதிரி இல்லை.

மீதி இரண்டு பேர். இதற்கு நான்கு 5 லிட்டர் கண்ணாடி ஜாடி வாங்கினோம். ஒரே டப்பா மால்ட், ஒரே ஈஸ்ட், ஒரே அறை. தண்ணீர் இரண்டு விதம்: குழாய்த் தண்ணீர், கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீர். கழுவுவது இரண்டு விதம்: அண்ணன் வழக்கப்படி ப்ளீச் போட்டு ஒரு அலசு, அல்லது சோடியம் பெர்கார்பனேட் (குளோரின் கிடையாது, ஆக்சிஜனை வைத்துச் சுத்தம் செய்யும்). இரண்டை இரண்டால் பெருக்கினால் நாலு ஜாடி. கேம்டன் மாத்திரை என்று ஒன்று கடையில் கிடைக்கும், ஒரு மாத்திரை சுமார் 75 லிட்டர் தண்ணீரில் உள்ள குளோரினை முறித்துவிடும். அதைப் போடலாமே என்றார் அண்ணன். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அது ஜாடிச் சுவரில் ஒட்டியிருக்கும் ப்ளீச்சையும் சேர்த்துத் தின்றுவிடும். அப்புறம் எதை வைத்து எதைப் பிரிப்பது? "ஒரு வாளிய கழுவறதுக்கே முதுகு விட்டுப்போகுது, நாலு ஜாடியாம்" என்று முனகிக்கொண்டேதான் கழுவினார்.

ருசி பார்க்கும் விஷயத்தில் யாரையும் நம்பக்கூடாது. எது எந்த ஜாடி என்று தெரிந்தால் மூக்கு பொய் சொல்லும். அதனால் ஒருவருக்கு மூன்று கிளாஸ், அதில் இரண்டு ஒரே ஜாடி, ஒன்று வேறு. எது வேறு என்று சொல்ல வேண்டும். தொழிற்சாலைகளில் நிஜமாகவே இப்படித்தான் செய்கிறார்கள். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒன்று சரியாக இருக்கும், அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ருசி பார்க்க ஆறு பேர் உட்கார்ந்தார்கள். கூலி கிடையாது, முறுக்கு மட்டும்.

ப்ளீச்சும் குழாய்த் தண்ணீரும் சேர்ந்த ஜாடியை, இரண்டும் இல்லாத ஜாடியோடு வைத்தபோது ஆறுக்கு ஆறு. ப்ளீச்சும் கொதித்த தண்ணீரும் சேர்ந்த ஜாடியிலும் ஆறில் ஐந்து பேர் சரியாகச் சொன்னார்கள். ஐந்து பேரோ அதற்கு மேலோ வெறும் அதிர்ஷ்டத்தில் சரியாகச் சொல்ல வாய்ப்பு 729-ல் 13, இரண்டு சதவீதத்துக்கும் கீழே. (பிசினஸ் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் வாழ்க்கையில் எங்கே உதவும் என்று கேட்டவர்களுக்கு இது சமர்ப்பணம்.) குழாய்த் தண்ணீரும் பெர்கார்பனேட்டும் சேர்ந்த ஜாடியில் ஆறில் இரண்டே பேர். அதாவது கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் எவ்வளவு வருமோ அவ்வளவு. தண்ணீர் நிரபராதி, எங்கள் வீட்டில், இந்த முறை. உங்கள் ஊரில் குளோரினுக்குப் பதில் குளோரமைன் போட்டால் கதையே வேறு. அது கொதித்தாலும் லேசில் போகாது, அங்கே கேம்டன்தான் கதி.

அண்ணன் ஒன்றும் பேசவில்லை. ப்ளீச் பாட்டிலை எடுத்துக்கொண்டுபோய் குளியலறையில் வைத்துவிட்டு வந்தார். பழைய பிளாஸ்டிக் வாளியில் உள்ளே நிறையக் கீறல், அதையும் தூக்கிப்போட்டார்.

இங்கே கொஞ்சம் சரித்திரம். பிடிக்காதவர்கள் அடுத்த பத்திக்குத் தாவலாம், ஆனால் காமர்ஸ்காரனுக்கு இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. பவேரியாவில் 1516இல் ஒரு சட்டம் போட்டார்கள்: பீரில் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர எதுவும் கூடாது. ஈஸ்ட் பெயரே அதில் கிடையாது. கோதுமை ரொட்டிக்கு வேண்டும் என்பது சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. அப்படியானால் கோதுமை பீர் எப்படிப் பிழைத்தது? டெகன்பெர்க் என்ற பிரபு குடும்பத்துக்கு மட்டும் விதிவிலக்கு இருந்தது. 1602இல் அந்தக் குடும்பம் வாரிசு இல்லாமல் போனதும், ஆட்சியில் இருந்த முதலாம் மாக்சிமிலியன் அந்த உரிமையைத் தானே எடுத்துக்கொண்டார். மற்றவர்கள் காய்ச்சக்கூடாது, அரசாங்கம் மட்டும் காய்ச்சி விற்கும். நல்ல வருமானம். மதுபானக் கடையை அரசாங்கமே நடத்துவது என்பது எங்கேயோ கேள்விப்பட்ட மாதிரி இருக்கிறதா? பிறகு இந்த பீருக்கு மவுசு குறைந்து, 1872இல் கியோர்க் ஷ்னைடர் என்பவர் காய்ச்சும் உரிமையைப் பெற்றார். அவர் பெயரில் அந்தக் கம்பெனி இன்றும் இருக்கிறது.

ஆஸ்பத்திரி போனதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வாடை அடங்கிய பிறகுதான் மற்றவை தெரிய ஆரம்பித்தன. நல்ல ஜாடியில் வாழைப்பழம் மட்டும் இருந்தது. அதுவும் சாதாரண வாழைப்பழம் இல்லை, கறுத்துப்போன பூவம்பழத்தைப் பையில் மறந்து வைத்த மாதிரி. அதன் ஓரத்தில் லேசாக நெயில் பாலிஷ்.

வாழைப்பழ வாசனைக்குப் பெயர் ஐசோஅமைல் அசிடேட். ஈஸ்ட் சூட்டில் அவசர அவசரமாகப் பெருகும்போது இது கூடும். கூடவே எத்தில் அசிடேட்டும் கூடினால் நெயில் பாலிஷ் ரிமூவர் வாசம். ஈஸ்ட்டைக் குறைவாகப் போட்டாலும் கூடும், டெக்ஸ்ட்ரோஸ் சர்க்கரையை அதிகம் சேர்த்தாலும் கூடும். எங்கள் நோட்டில் அறை வெப்பம் 22 என்று இருந்தது. அது அறையின் வெப்பம், ஜாடிக்குள் இருப்பதன் வெப்பம் இல்லை! நொதிக்கும்போது ஈஸ்ட்டே சூட்டைக் கிளப்பும். மும்முரமாக நடக்கும் இரண்டு மூன்று நாளில் உள்ளே மூன்று நான்கு டிகிரி அதிகமாகவே இருக்கும், பெரிய வாளி என்றால் இன்னும் கொஞ்சம்.

ஜெர்மானியர்களிடம் இதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. ஈஸ்ட் போடும்போது இருக்கும் டிகிரியையும், பிறகு நொதிக்க விடும் டிகிரியையும் கூட்டினால் 30 வர வேண்டும். 12இல் போட்டு 18இல் விடலாம், 13 என்றால் 17. இதற்கு என்ன விஞ்ஞானம் என்று தோண்டினால் பெரிதாக ஒன்றும் இல்லை, அனுபவக் கணக்குதான். ஆனால் குளிரில் தொடங்க வேண்டும், தறிகெட்டு ஏற விடக்கூடாது என்பது அதற்குள் இருக்கிறது. அண்ணனிடம் குளிர்பெட்டி கிடையாது. அவர் செய்தது மண்பானை வைத்தியம். அகலமான தொட்டியில் தண்ணீர், அதற்குள் வாளி, வாளியைச் சுற்றி ஈரத் துண்டு, துண்டின் நுனி தண்ணீரில், எதிரே டேபிள் ஃபேன். தண்ணீர் ஆவியாக ஆக வாளி குளிரும். 18க்கும் 19க்கும் இடையே பத்து நாள் நின்றது. ஆயிரம் டாலர் கருவிக்கு இது கொஞ்சமும் குறைந்ததில்லை என்று நான் சொல்வேன்.

கிராம்பு தனியாகத் தேட வேண்டியதாக இருந்தது. டப்பா மால்ட்டில் முன்பே யாரோ தானியத்தை ஊறவைத்து முடித்திருப்பார்கள், நம் கையில் எதுவும் இல்லை. தானியத்தை நாமே ஊறவைத்தால் 45 டிகிரியை ஒட்டி ஒரு பதினைந்து இருபது நிமிடம் நிறுத்த வேண்டும். அந்த வெப்பத்தில்தான் ஃபெருலிக் அமிலம் நன்றாகக் கழன்று வரும். பிறகு 65, 67 என்று ஏற்றிக்கொள்ளலாம். நான்காவது வாளிக்கு, அதாவது கடைசி வாளிக்கு, டப்பாவை விட்டுவிட்டு முழுத் தானியமாகவே செய்தார் அண்ணன். ஈஸ்ட்டும் ஃப்ரைஸிங் ஊர் வைஹென்ஸ்டெபான் ஈஸ்ட் வங்கியின் 68ஆம் எண் வகை. அங்கே பீர் காய்ச்சுவது பல்கலைக்கழகப் பட்டப்படிப்பு. இதை அம்மாவிடம் சொன்னால் என்னை அங்கே சேர்த்துவிடுவாரோ என்ற பயம் வேறு.

அந்த வாளியும் நாலாம் நாள் ஒரு ஆட்டம் காட்டியது. அறைக்குள் போனால் அழுகிய முட்டை. அண்ணன் முகம் தொங்கிவிட்டது, கிளம்ப ஐந்து வாரம்தான் பாக்கி, ரோட்டோரத்துக்குத் தூக்கப் போய்விட்டார். இது ஹைட்ரஜன் சல்ஃபைடு. கோதுமை பீர் ஈஸ்ட் பலவும் நடுவில் இதைக் கக்கும், கரியமில வாயு குமிழி விடும்போது அதோடு சேர்ந்து வெளியே போய்விடும். செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்று: ஒன்றும் செய்யாமல் இருப்பது. இந்த நேரத்தில் பயந்து பாட்டிலில் அடைத்தால்தான் முட்டை உள்ளேயே தங்கும். பச்சை ஆப்பிள் மாதிரி வாசம் வந்தாலும் இதே பதில், அது அசிடால்டிஹைடு, ஈஸ்ட் வேலையை முடிக்கவில்லை என்று அர்த்தம். வெண்ணெய் வாசம் என்றால் டைஅசிட்டைல். இரண்டையும் ஈஸ்ட்டே திரும்பத் தின்றுவிடும், விட்டால். பன்னிரண்டாம் நாள் முட்டை காணாமல் போயிருந்தது.

புளிப்பு மட்டும் வேறு ஜாதி. நமக்கு இட்லி மாவு புளித்தால்தான் சந்தோஷம், அங்கே வேலை செய்வது பெரும்பாலும் லாக்டிக் அமில பாக்டீரியா. அதே வகை பாக்டீரியா கோதுமை பீரில் புகுந்தால் குறை. ஆனால் அதே ஜெர்மனியில் பெர்லின் பக்கம் போனால், பெர்லினர் வைஸ் என்று வேண்டுமென்றே புளிக்க வைத்த கோதுமை பீர். பவேரிய வகையில் எதிர்பாராத புளிப்பு வந்தால் காத்திருந்து பயனில்லை. குழாய், மூடி, பாட்டில் எல்லாவற்றையும் கழுவி மறுபடி முதலிலிருந்துதான்.

முப்பது பாட்டில் அடைத்தோம். மூன்று வாரம் கழித்து முதல் பாட்டில். வாழைப்பழம் முன்னால், கிராம்பு பின்னால், கடைசியில் லேசாக ரொட்டி. இந்த முறை சமையலறைத் தொட்டிப் பக்கம் யாரும் போகவில்லை, நான் கவனித்தேன்.

ஊற்றும்போது முக்கால்வாசியை கிளாஸில் சாய்த்து ஊற்றிவிட்டு, மீதியை பாட்டிலோடு சுழற்றி, அடியில் படிந்த ஈஸ்ட்டையும் சேர்த்து ஊற்ற வேண்டும். அதுதான் அந்தக் கலங்கல். வெயிலில் பாட்டிலை வைக்கக்கூடாது, வெளிச்சம் பட்டால் ஹாப்ஸ் கெட்டு வேறொரு நாற்றம் கிளம்பும். பழுப்பு பாட்டில்தான் பாதுகாப்பு. சேர்த்து வைக்கவும் கூடாது. சில மாதத்தில் வாழைப்பழம் மங்கும், கிராம்பும் மங்கும், பழைய அட்டைப்பெட்டி வாசம் ஏறும். அண்ணன் கிளம்பும்போது எனக்கென்று நான்கு பாட்டில் வைத்துவிட்டுப் போனார். மூடியில் மார்க்கர் பேனாவால் 'ஜனவரிக்குள்ள முடிச்சிரு' என்று எழுதியிருந்தது.